ஆம்ப்ளிஃபையர் பயாஸ், ஆஃப்செட், டிஸ்டார்ஷன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"ஆம்ப் பாடுது, ஆனா கிழியுது." இப்படிச் சொல்பவர்கள் அடுத்துச் செய்வது பெரும்பாலும் ஒன்றுதான்: மூடியைக் கழற்றி, கண்ணில் படும் முதல் பிரிசெட்டை (ஸ்க்ரூடிரைவரால் திருப்பி மதிப்பை மாற்றும் சின்ன ரெசிஸ்டர்) திருப்பிப் பார்ப்பது. நல்ல செட்டுகள் பல செத்துப்போவது அந்த இடத்தில்தான். இந்தப் பக்கம் டிரான்சிஸ்டர் அவுட்புட் உள்ள கிளாஸ் ஏபி ஆம்ப்களைப் பற்றியது, அதாவது அலையின் மேல் பாதியை ஒரு டிரான்சிஸ்டரும் கீழ்ப் பாதியை இன்னொன்றும் தள்ளும் வகை. சென்னை ரிச்சி தெருவில் போர்டு வாங்கி நாமே கோக்கும் 2எஸ்சி5200 – 2எஸ்ஏ1943 செட்டுக்கும், பழைய ஜப்பான் ஹைஃபைக்கும் இதே முறைதான். ஐசி, கிளாஸ் டி, வால்வு பற்றிக் கடைசியில் சுருக்கமாக.

கேலிப்ரேஷன் என்றால் எதையெதைச் சரிசெய்கிறோம்?

மூன்றே விஷயம். ஒன்று ஆஃப்செட்: சிக்னல் எதுவும் இல்லாதபோது ஸ்பீக்கர் முனையில் நிற்கும் டிசி வோல்டேஜ். இரண்டு பயாஸ்: அவுட்புட் டிரான்சிஸ்டர்கள் சும்மா இருக்கும்போது அவற்றின் வழியே ஓடும் கரண்ட். மூன்று லெவல்: மிக்சரிலிருந்து வரும் சிக்னலுக்கும் ஆம்பின் கெய்னுக்கும் (சிக்னலை எத்தனை மடங்கு பெருக்குகிறது என்ற அளவு) உள்ள பொருத்தம்.

இந்த மூன்றுக்கும் வெளியே இருப்பதெல்லாம் ரிப்பேர். காய்ந்துபோன கெப்பாசிட்டரையோ விரிசல் விட்ட சால்டரையோ எந்தப் பிரிசெட்டாலும் சரிசெய்ய முடியாது. முதலில் அளவு, பிறகுதான் ஸ்க்ரூடிரைவர். அளக்காமல் திருப்பினால் பழைய குறையோடு புதிதாக ஒன்றும் சேரும்.

கிழிவதில் எத்தனை வகை? காதாலேயே பிரிக்க முடியுமா?

ஓரளவு முடியும். சத்தம் குறைவாக வைக்கும்போது குரல் சொரசொரப்பாக, மணல் கலந்ததுபோல் கேட்டு, சத்தம் கூட்டியதும் தெளிந்தால் அது கிராஸ்ஓவர் டிஸ்டார்ஷன்: மேல் டிரான்சிஸ்டரிலிருந்து கீழ் டிரான்சிஸ்டருக்குச் சிக்னல் கைமாறும் இடத்தில் அலை சிதைவது. பயாஸ் குறைவு என்று சந்தேகப்படலாம். சத்தம் கூட்டும்போதுதான் கிழிகிறது என்றால் கிளிப்பிங்: ஆம்ப் தரமுடிந்த உயரத்தைத் தாண்டும் அலையின் தலை வெட்டுப்படுவது. எந்த அளவில் வைத்தாலும் அடியில் ஒரு உறுமல் ஓடிக்கொண்டே இருந்தால் அது டிஸ்டார்ஷன் அல்ல, ஹம். 50 ஹெர்ட்ஸ் உறுமல் கிரவுண்ட் வயரிங்கிலோ டிரான்ஸ்ஃபார்மர் அருகில் ஓடும் சிக்னல் வயரிலோ இருக்கும். 100 ஹெர்ட்ஸ் என்றால் சப்ளை ஃபில்டரைப் பாருங்கள்.

இதற்கெல்லாம் முன்னால் வேறு ஸ்பீக்கரை மாட்டிக் கேளுங்கள். வாய்ஸ் காயில் உரசும் ஸ்பீக்கர் குறைந்த சத்தத்திலும் கரகரக்கும், பழி ஆம்ப் மேல் விழும். கோனை இரண்டு கையாலும் சமமாக மெல்ல அழுத்தினால் உரசல் விரலுக்கே தெரியும்.

என்னென்ன கருவி வேண்டும்?

பயாஸுக்கும் ஆஃப்செட்டுக்கும் 200 மில்லிவோல்ட் டிசி ரேஞ்ச் உள்ள மல்டிமீட்டர் போதும். லெவல் வைக்க ஒரு ஆசிலோஸ்கோப், 8 ஓம் டம்மி லோடு, சிக்னல் தர ஒரு செல்போன் ஆப். பழைய 20 மெகாஹெர்ட்ஸ் ஸ்கோப்பே தாராளம். டம்மி லோடு என்பது ஸ்பீக்கருக்குப் பதில் மாட்டும் பெரிய ரெசிஸ்டர். அலுமினிய உறை போட்ட 100 வாட் வயர்வவுண்ட் வகையை ஹீட் சிங்க்கில் திருகி மாட்டுங்கள். தனியாகத் தொங்கவிட்டால் 100 வாட் தாங்காது.

விலை குறைந்த மல்டிமீட்டரில் ஏசி ரேஞ்ச் பெரும்பாலும் சில நூறு ஹெர்ட்ஸ் வரைதான் சரியாகக் காட்டும். அதில் 1 கிலோஹெர்ட்ஸ் அளந்து கணக்குப் போட்டால் தப்பாக வரும். 200 ஹெர்ட்ஸ் சிக்னலில் அளங்கள்.

மூடியைத் திறக்குமுன் கவனிக்க வேண்டியது?

சுவிட்ச் ஆஃப் செய்தாலும் ஃபில்டர் கெப்பாசிட்டரில் சார்ஜ் நிற்கும். சில நூறு ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றை முனைகளில் பிடித்து இறக்குங்கள். ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்கிற வழக்கம் வேண்டாம். பொறி பறப்பதோடு போகாமல் கெப்பாசிட்டரின் உள்முனையும் கெடும்.

ரிப்பேர் ஆன செட்டை முதன்முறை ஆன் செய்யும்போது மெயின்ஸில் 60 அல்லது 100 வாட் குண்டு பல்பை சீரிஸில் போடுங்கள். ஒரு கணம் எரிந்து மங்கினால் நல்லது. பிரகாசமாக நின்றால் உடனே ஆஃப். ஆனால் பல்பு இருக்கும்போது பயாஸை முடிவாக வைக்காதீர்கள். சப்ளை வோல்டேஜ் இறங்கி நிற்பதால் அளவு நம்பகமாக இருக்காது.

பிரிட்ஜ் முறையில் ஓடும் ஆம்ப்களில் (கார் ஆம்ப்களில் நிறைய) ஸ்பீக்கரின் மைனஸ் முனை கிரவுண்ட் அல்ல, அதுவும் ஒரு அவுட்புட்தான். ஸ்கோப்பின் கிரவுண்ட் கிளிப் மெயின்ஸ் எர்த்தோடு சேர்ந்தது. அதை அந்த மைனஸ் முனையில் மாட்டினால், ஆம்பின் கிரவுண்டும் எங்கேயாவது எர்த்தைத் தொட்டிருக்கும் பட்சத்தில், ஒரு பக்க அவுட்புட் அப்படியே ஷார்ட் ஆகும். இரண்டு புரோபை இரண்டு முனையில் வைத்து, கிளிப்பை ஆம்பின் கிரவுண்டில் மாட்டி, ஸ்கோப்பில் வித்தியாசத்தைப் பாருங்கள்.

ஆஃப்செட் எவ்வளவு வரை இருக்கலாம்?

இன்புட்டை கிரவுண்டோடு ஷார்ட் செய்து, ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு, அவுட்புட் முனையில் டிசி அளங்கள். 50 மில்லிவோல்ட்டுக்குள் என்றால் விட்டுவிடலாம். 100-ஐத் தாண்டினால் காரணம் தேடுங்கள்: பொருந்தாத இன்புட் ஜோடி டிரான்சிஸ்டர், ஃபீட்பேக் (அவுட்புட்டில் ஒரு பங்கை இன்புட்டுக்குத் திருப்பும்) வழியில் கசியும் எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர், மதிப்பு மாறிய ரெசிஸ்டர். ஆஃப்செட் பிரிசெட் இருந்தால் சின்ன விலகலுக்கு மட்டும் அதைப் பயன்படுத்துங்கள். ஒரு முனை வரை திருப்பித்தான் பூஜ்யம் வருகிறது என்றால் பிரிசெட் நோயை மறைக்கிறது என்று பொருள்.

100 மில்லிவோல்ட் ஸ்பீக்கரை எரிக்காது. ஆன் செய்யும்போது 'டம்' சத்தம் கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். ஸ்பீக்கரை எரிப்பது வேறு. ஒரு அவுட்புட் டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆகி 35 வோல்ட் சப்ளை நேராக ஸ்பீக்கருக்குப் போனால், சுமார் 6 ஓம் டிசி ரெசிஸ்டன்ஸ் உள்ள காயிலில் 200 வாட் சூடாகவே இறங்கும். ஸ்பீக்கர் புரொடெக்ஷன் ரிலே இல்லாத போர்டை நான் யாருக்கும் சிபாரிசு செய்வதில்லை.

பயாஸ் வைக்கும் முறையை வரிசையாகச் சொல்லுங்கள்.

ஆஃப்செட்டுக்குச் சொன்ன நிலையிலேயே இருங்கள்: இன்புட் ஷார்ட், ஸ்பீக்கர் இல்லை, டம்மி லோடும் இல்லை. அவுட்புட் டிரான்சிஸ்டரின் எமிட்டரில் வெள்ளை சிமென்ட் ரெசிஸ்டர் ஒன்று இருக்கும், 0.22 ஓம் அல்லது 0.33 ஓம். அதன் இரு முனைக்கும் குறுக்கே மல்டிமீட்டரை டிசி மில்லிவோல்ட்டில் மாட்டுங்கள். கையால் பிடித்துக்கொண்டு அளக்காதீர்கள், கொக்கி கிளிப் போடுங்கள். புரோப் வழுக்கிப் பக்கத்து முனையைத் தொட்டால் அந்தக் கணமே டிரான்சிஸ்டர் போய்விடும்.

பழைய செட் என்றால், எதையும் திருப்புமுன் இப்போது இருக்கும் அளவை எழுதி வையுங்கள். பிரிசெட்டின் முனை எந்தப் பக்கம் நிற்கிறது என்று ஒரு போட்டோவும் எடுங்கள். புதிதாகக் கோத்த போர்டு என்றால், ஆன் செய்யுமுன்பே பிரிசெட்டைக் குறைந்த பயாஸ் வரும் பக்கம் திருப்பி வைக்க வேண்டும். அது எந்தப் பக்கம் என்பது போர்டுக்குப் போர்டு மாறும், சர்க்யூட்டைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

ஆன் செய்து மெதுவாகக் கூட்டுங்கள். மீட்டர் எண் உங்கள் கையின் பின்னாலேயே வராது, சற்றுத் தாமதித்து ஏறும். குறி வைத்த அளவில் பாதிக்கு வந்ததும் கையை எடுத்துவிடுங்கள். கால் மணி நேரம் அப்படியே விட்டு ஹீட் சிங்க் சூடான பிறகு மறுபடி பார்த்தால் எண் மாறியிருக்கும். அங்கிருந்து மீதியைக் கூட்டுங்கள். பிறகு மூடியைப் போட்டு, இன்னொரு கால் மணி கழித்துக் கடைசியாக ஒருமுறை அளங்கள். மூடி திறந்த செட்டுக்கும் மூடிய செட்டுக்கும் உள்ளே சூடு வேறு.

ஒரு சேனலில் இரண்டு மூன்று ஜோடி டிரான்சிஸ்டர் இருந்தால் எல்லா எமிட்டர் ரெசிஸ்டரையும் அளங்கள். ஒன்றில் 20, பக்கத்தில் 9 என்று வந்தால் டிரான்சிஸ்டர்கள் பொருந்தவில்லை. அதிகமாகக் காட்டுவதை வைத்துத்தான் அளவைத் தீர்மானிக்க வேண்டும். சூடாகி முதலில் சாகப்போவது அதுதான்.

எத்தனை மில்லிவோல்ட் வைப்பது? ஆளுக்கொன்று சொல்கிறார்களே?

சர்வீஸ் மேனுவலில் இருந்தால் அதுதான் கடைசிச் சொல். இல்லையென்றால் 26 மில்லிவோல்ட் என்ற எண்ணிலிருந்து தொடங்கலாம். ஹ்யூலெட் பேக்கார்டில் இருந்த பார்னி ஆலிவர் 1971-ல் எழுதிய கணக்கு இது. டிரான்சிஸ்டரின் உள்ளே எமிட்டருக்கு என்று ஒரு ரெசிஸ்டன்ஸ் உண்டு, கரண்ட் கூடக் கூட அது குறையும். அந்த உள் ரெசிஸ்டன்ஸும் வெளியே போட்ட எமிட்டர் ரெசிஸ்டரும் சமமாகும் கரண்டில், மேல் டிரான்சிஸ்டரிலிருந்து கீழ் டிரான்சிஸ்டருக்குச் சிக்னல் கைமாறும் இடம் ஏறக்குறைய சீராகும். அறை வெப்பத்தில் அது எமிட்டர் ரெசிஸ்டருக்குக் குறுக்கே சுமார் 26 மில்லிவோல்ட் நிற்கும்போது நடக்கிறது. 0.22 ஓமுக்கு 118 மில்லிஆம்பியர், 0.33 ஓமுக்கு 79, 0.47 ஓமுக்கு 55. டிரான்சிஸ்டரின் உள்ளேயும் பேஸிலும் வேறு சில்லறை ரெசிஸ்டன்ஸ் இருப்பதால், நடைமுறையில் சிறந்த இடம் இதற்குக் கொஞ்சம் கீழே விழும்.

அடுத்தது சூட்டுக் கணக்கு. பிளஸ் 35, மைனஸ் 35 வோல்ட் சப்ளையில் 118 மில்லிஆம்பியர் என்றால் ஒரு ஜோடிக்கு 8 வாட் சும்மாவே எரிகிறது. சப்ளை பிளஸ் மைனஸ் 55 ஆகி, நான்கு ஜோடியும் இருந்தால் 52 வாட். வேலூரில் கத்திரி வெயிலில், ஃபேன் இல்லாத தகரப் பெட்டிக்குள் அது ஓடாது. மேடை ஆம்ப்களுக்கு 8 முதல் 15 மில்லிவோல்ட்டில் நிறுத்திவிடுகிறேன். கூட்டத்துக்கு நடுவே ஒலிக்கும் செட்டில் அந்த வித்தியாசம் யார் காதிலும் விழாது. வீட்டில் அமைதியான அறையில் ராத்திரி தம்புரா கேட்பவருக்கு 20-க்கு மேல் வைப்பேன்.

பயாஸை இன்னும் கூட்டினால் சத்தம் இன்னும் நன்றாக இருக்கும் என்கிறார்களே?

கிளாஸ் ஏபியில் இல்லை. பயாஸை அளவுக்கு மீறிக் கூட்டினால், சிக்னல் சிறிதாக இருக்கும்போது மேல் கீழ் இரண்டு டிரான்சிஸ்டரும் சேர்ந்து வேலை செய்யும். பெரிதானதும் ஒன்று நின்றுவிடும். இரண்டும் சேர்ந்த பகுதியில் கெய்ன் சற்றுக் கூடுதல், ஒன்றே வேலை செய்யும் பகுதியில் குறைவு. அந்தப் படிக்கட்டும் டிஸ்டார்ஷன்தான். குறைத்தால் நடுவில் பள்ளம், கூட்டினால் நடுவில் மேடு, 26-ஐ ஒட்டி ஒரு சமதளம். முழுக் கிளாஸ் ஏ-வுக்குப் போனால் இந்தப் பிரச்சினை தீரும். ஆனால் அதற்குச் சப்ளையும் ஹீட் சிங்க்கும் அடியிலிருந்தே வேறு மாதிரி வேண்டும், பிரிசெட்டால் அங்கே போய்ச் சேர முடியாது.

செட் சூடானதும் பயாஸ் ஏறிக்கொண்டே போகிறது. ஏன்?

முதலில் பயாஸ் டிரான்சிஸ்டர் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பயாஸ் அளவைத் தீர்மானிக்கும், பிடி139 போன்ற சின்ன டிரான்சிஸ்டர் அது. அவுட்புட் டிரான்சிஸ்டர்கள் இருக்கும் அதே ஹீட் சிங்க்கில் திருகப்பட்டிருக்க வேண்டும். உள்ளூர் போர்டுகள் பலவற்றில் அது போர்டு நடுவே காற்றில் நிற்கிறது.

டிரான்சிஸ்டரின் பேஸ் எமிட்டர் வோல்டேஜ் ஒரு டிகிரி சூட்டுக்கு ஏறத்தாழ 2 மில்லிவோல்ட் இறங்கும். ஹீட் சிங்க் 30 டிகிரி ஏறினால் 60 மில்லிவோல்ட். நாம் வைக்கும் அளவே 20, 25 மில்லிவோல்ட் என்பதை நினைத்துப் பாருங்கள். அந்த இறக்கத்தைப் பயாஸ் டிரான்சிஸ்டர் கூடவே இறங்கி ஈடு செய்யாவிட்டால் கரண்ட் இரண்டு மடங்குக்கு மேல் போகும். கரண்ட் கூடினால் சூடு, சூடு கூடினால் இன்னும் கரண்ட். தெர்மல் ரன்அவே என்பது இதுதான். முடிவில் ஃபியூஸ் போகும், அல்லது ஃபியூஸைக் காப்பாற்றிக்கொண்டு டிரான்சிஸ்டர் போகும்.

எனவே பயாஸ் டிரான்சிஸ்டரை வயர் நீட்டியாவது ஹீட் சிங்க்கில் மாட்டுங்கள். மைக்கா தகடும் இரண்டு பக்கமும் மெல்லிய பேஸ்ட்டும் கட்டாயம். பழைய செட்டில் காய்ந்து சுண்ணாம்பாகிப் போன பேஸ்ட்டைத் துடைத்துவிட்டுப் புதிது தடவினாலே பயாஸ் நிலைப்பது உண்டு.

பிரிசெட்டைத் தொட்டதும் எண் தாறுமாறாகக் குதிக்கிறது.

திறந்த வகைக் கார்பன் பிரிசெட்டில் தூசியும் ஈரமும் சேர்ந்து முனை சரியாகத் தொடாமல் போயிருக்கும். கிளீனர் அடித்துச் சமாளிக்காமல் மாற்றிவிடுங்கள். மூடிய மல்டிடர்ன் பிரிசெட் சில ரூபாய்தான் அதிகம், கை அசைவுக்குக் குதிக்காது.

மாற்றும்போது அது சர்க்யூட்டில் எங்கே இருக்கிறது என்றும் பாருங்கள். பயாஸ் டிரான்சிஸ்டரின் பேஸுக்கும் எமிட்டருக்கும் நடுவே இருந்தால், முனை விட்டுப்போகும்போது பயாஸ் குறைந்துவிடும். சத்தம் சொரசொரக்கும், செட் பிழைக்கும். கலெக்டருக்கும் பேஸுக்கும் நடுவே இருந்தால் பயாஸ் உச்சத்துக்குப் போய் அவுட்புட் மொத்தமும் எரியும். இரண்டாவது வகைப் போர்டு கிடைத்தால் ரெசிஸ்டரையும் பிரிசெட்டையும் இடம் மாற்றிப் போடுவது நல்லது.

வால்யூம் கூட்டினால்தான் கிழிகிறது. பயாஸ் பார்த்தாயிற்று, சரியாக இருக்கிறது.

அப்படியானால் லெவல். மேடைக்காரர்களின் புகார் பெரும்பாலும் இங்கேதான் வந்து முடிகிறது.

8 ஓமில் 50 வாட் தரும் ஆம்பின் அவுட்புட் 20 வோல்ட் ஆர்எம்எஸ், உச்சி 28 வோல்ட். ஃபீட்பேக்கில் 33 கிலோஓமும் 1 கிலோஓமும் போட்ட போர்டின் கெய்ன் 34. முழு அவுட்புட்டுக்கு இன்புட்டில் 0.6 வோல்ட்டே போதும். புரொஃபஷனல் மிக்சரின் மீட்டர் பூஜ்யத்தில் நிற்கும்போது அது தருவது 1.23 வோல்ட். அது 34 மடங்கானால் கேட்பது 42 வோல்ட், கையில் இருப்பது 20. மிக்சரில் ஒரு சிவப்பு விளக்கும் எரியாது, ஆம்ப் அதற்குள் கிழிந்துகொண்டிருக்கும்.

சரிசெய்ய: ஸ்பீக்கருக்குப் பதில் டம்மி லோடு, அதன் குறுக்கே ஸ்கோப். மிக்சரில் 1 கிலோஹெர்ட்ஸ் சைன் கொடுத்து மீட்டரைப் பூஜ்யத்தில் நிறுத்துங்கள். ஆம்பின் லெவல் குமிழைப் பூஜ்யத்திலிருந்து கூட்டிக்கொண்டே வாருங்கள். திரையில் அலையின் தலை வழுக்கையாகும் இடம் வரும். அங்கிருந்து தலை மறுபடி உருண்டையாகும் வரை இறக்கி, இன்னும் ஒரு நூல் இறக்கி, குமிழுக்கு நேராக மார்க்கரால் ஒரு கோடு போடுங்கள். மேல் தலையும் கீழ்த் தலையும் ஒரே சமயத்தில் தட்டையாக வேண்டும். ஒன்று முந்திக்கொண்டால் அந்தப் பக்கச் சப்ளை இறங்கியிருக்கிறது, அல்லது டிரைவர் பகுதியில் கோளாறு. இதையெல்லாம் ஒரு நிமிடத்துக்குள் முடியுங்கள், டம்மி லோடு கொதிக்கும்.

இசை வேறு விதம். நாதஸ்வரம் மட்டும் ஓடும்போது சுத்தமாக இருக்கும் செட், தவில் சேர்ந்ததும் கிழியும். வலந்தலையில் கூடு மாட்டிய விரல் விழும் அடியின் உச்சி, சராசரி அளவைவிட மிக உயரம். சராசரி 5 வாட் ஓடும்போது 12 டெசிபல் உயரமான உச்சிக்கு 80 வாட் வேண்டும், 20 டெசிபலுக்கு 500 வாட். ஊசி மீட்டர் அந்த உச்சியைக் காட்டுவதே இல்லை. தவில் மைக்குக்கு லிமிட்டர் (உச்சியை ஒரு அளவுக்கு மேல் போகவிடாத கருவி) போடுங்கள். மைக்கைக் கொஞ்சம் தள்ளி வைத்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.

கிளிப்பிங்கில் ட்வீட்டர் ஏன் முதலில் போகிறது?

தலை தட்டையான அலையில் மேல் ஹார்மானிக்குகள் (மூல ஃப்ரீக்வென்சியின் 2, 3, 4 மடங்குகளில் வருபவை) நிறைய, அவை நேராக ட்வீட்டருக்குப் போகும். அதோடு மொத்த பவரும் கூடுகிறது. ஒரே உச்சி உயரத்தில் சதுர அலைக்கு சைன் அலையைப்போல் இரண்டு மடங்கு பவர், அதாவது 50 வாட் ஆம்ப் முழுக்கக் கிழிந்தால் 100 வாட் வரை தள்ளும்.

கடையில் நன்றாக ஓடிய செட் திருவிழாவில் கிழிகிறது. என்ன மாயம்?

வோல்டேஜ். ஆடி மாதத்தில் சீரியல் செட்டும் டியூப்லைட்டும் ஒரே லைனில் எரியும்போது 230 வோல்ட் 190-க்கு இறங்கினால், ரெகுலேட்டர் இல்லாத ஆம்பின் உள் சப்ளையும் அதே விகிதத்தில் இறங்கும். பவர் வோல்டேஜின் வர்க்கத்தோடு போவதால் 100 வாட் செட் 68 வாட் ஆகிவிடும். கடையில் போட்ட மார்க்கர் கோடு அங்கே செல்லாது. இரண்டாவதாக ஒரு கோடு கீழே போட்டு வையுங்கள்.

ஃபில்டர் கெப்பாசிட்டர் பழையதென்றால் நிலைமை இன்னும் மோசம். 3 ஆம்பியர் இழுக்கும்போது 10,000 மைக்ரோஃபாரடில் சப்ளை வோல்டேஜின் அலைவு ஏறக்குறைய 3 வோல்ட்டுக்குள் நிற்கும். காய்ந்து 4,700 ஆனால் 6 வோல்ட்டை நெருங்கும். உச்சியில் அந்த அளவு குறைவாகத்தான் கிடைக்கும், கிளிப்பிங்கோடு 100 ஹெர்ட்ஸ் உறுமலும் கலந்து வரும்.

டிஸ்டார்ஷனை எண்ணாக அளக்க வேண்டும். அனலைசர் வாங்க வசதியில்லை.

லேப்டாப்பும் ஒரு சுமாரான யுஎஸ்பி சவுண்ட் கார்டும் போதும். ஆர்இடபிள்யூ (REW, Room EQ Wizard) போன்ற இலவச மென்பொருள் இருக்கிறது. ஸ்கோப் இதற்கு உதவாது. இரண்டு மூன்று சதவீதத்துக்குக் கீழே உள்ள டிஸ்டார்ஷன் திரையில் கண்ணுக்குத் தெரியாது.

கார்டின் அவுட்புட்டை ஆம்புக்கும், டம்மி லோடின் குறுக்கே இருப்பதை 22 கிலோஓம் – 1 கிலோஓம் டிவைடர் வழியாகக் கார்டின் லைன் இன்னுக்கும் கொடுங்கள். 20 வோல்ட் 0.87 ஆக இறங்கும். டிவைடர் இல்லாமல் மாட்டினால் கார்டு அன்றோடு சரி. லேப்டாப்பை பேட்டரியில் ஓட்டுங்கள், சார்ஜர் வழியாக வரும் கிரவுண்ட் லூப் உறுமல் அளவைக் கெடுக்கும். முதலில் கார்டின் அவுட்டை நேராக இன்னில் மாட்டி அளந்து பாருங்கள். அதுவே 0.01 சதவீதம் காட்டினால், அதற்குக் கீழே ஆம்பைப் பற்றி அந்தக் கார்டு எதுவும் சொல்ல முடியாது.

ஒரே பவரில் அளந்தால் போதாது. 8 ஓமில் 1 வாட் என்பது 2.83 வோல்ட், அங்கே ஒன்று, 10 வாட்டில் ஒன்று, உச்சத்துக்குச் சற்றுக் கீழே ஒன்று. முழு பவரில் 0.05 சதவீதம் காட்டும் ஆம்ப் 1 வாட்டில் 0.5 காட்டினால், விளம்பரத்தில் எந்த எண் வரும் என்று சொல்ல வேண்டியதில்லை. நாம் வீட்டில் கேட்பது 1 வாட்டை ஒட்டித்தான். ஸ்பெக்ட்ரத்தில் 3, 5, 7, 9 என்று ஒற்றைப்படை ஹார்மானிக்குகள் நீளமாக வரிசை கட்டினால் கிராஸ்ஓவர். அந்த வரிசையைப் பார்த்துக்கொண்டே பயாஸைத் திருப்பினால் கம்பங்கள் ஒவ்வொன்றாகக் குட்டையாவது தெரியும், ஓரிடத்தைத் தாண்டியதும் மறுபடி வளரும். பயாஸ் வைக்க இதைவிடத் துல்லியமான வழி எனக்குத் தெரியாது. இரட்டைப்படை ஹார்மானிக்குகள் தூக்கலாக இருந்தால் அலையின் மேல் பாதியும் கீழ்ப் பாதியும் சமமாக இல்லை என்று பொருள்.

10 கிலோஹெர்ட்ஸில் அளப்பதானால் கார்டை 96 கிலோஹெர்ட்ஸ் சாம்ப்ளிங்கில் வையுங்கள். 44.1-ல் 20 கிலோஹெர்ட்ஸ் ஹார்மானிக்கோடு கதை முடிந்துவிடும், மூன்றாவது ஹார்மானிக் கணக்கிலேயே வராது.

நெகட்டிவ் ஃபீட்பேக் எல்லா டிஸ்டார்ஷனையும் குறைத்துவிடுமே. பிறகு பயாஸுக்கு ஏன் இவ்வளவு கவலை?

நல்ல கேள்வி. ஃபீட்பேக் யோசனை 1927 ஆகஸ்ட் 2 அன்று பெல் லேப்ஸின் ஹாரல்ட் பிளாக்குக்கு ஹட்சன் ஆற்றுப் படகில் வேலைக்குப் போகும் வழியில் தோன்றியது. கையில் இருந்த நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையின் தாளிலேயே படமும் சமன்பாடும் எழுதினார். அவருடைய கவலையும் நம்முடையதுதான். தொலைபேசி லைனில் வரிசையாக ஆம்ப்களைக் கோத்தால் ஒவ்வொன்றின் டிஸ்டார்ஷனும் சேர்ந்துகொண்டே போனது. அவுட்புட்டில் ஒரு பங்கை எதிர்த்திசையில் இன்புட்டுக்கே திருப்பிக் கொடுத்தால், கெய்ன் குறையும் அளவுக்கு டிஸ்டார்ஷனும் குறையும். காப்புரிமை 1937-ல்தான் கிடைத்தது.

ஆனால் திருப்பிக் கொடுக்க உபரி கெய்ன் வேண்டும். சாதாரண ஆம்பில் ஃப்ரீக்வென்சி பத்து மடங்கானால் அந்த உபரி 20 டெசிபல் குறையும். 1 கிலோஹெர்ட்ஸில் ஆயிரம் மடங்கு திருத்தும் ஆம்ப் 10 கிலோஹெர்ட்ஸில் நூறு மடங்குதான் திருத்தும். கிராஸ்ஓவரின் கூர்முனைகள் இருப்பதே அந்த உயரத்தில். மேலும் பயாஸ் குறைந்த ஆம்பில், சிக்னல் பூஜ்யத்தைக் கடக்கும் கணத்தில் இரண்டு டிரான்சிஸ்டரும் ஓய்ந்து நிற்கின்றன. கெய்னே இல்லாத அந்தக் கணத்தில் ஃபீட்பேக்கும் இல்லை. காவலாளி தூங்கும் நேரம் பார்த்து வரும் திருடன் மாதிரி இந்தக் குறை.

பயாஸ் எண் கை அருகில் போனாலே மாறுகிறது, சத்தமே இல்லாமல் செட் சூடாகிறது.

ஆசிலேஷன். காதுக்கு எட்டாத ஃப்ரீக்வென்சியில் ஆம்ப் தானாக ஆடுகிறது. ஸ்கோப்பில் அலைக் கோடு ரோமம் முளைத்ததுபோல் தடித்துத் தெரியும். அவுட்புட்டில் 10 ஓமும் 0.1 மைக்ரோஃபாரடும் சேர்ந்த ஜோபெல் (இந்த ஆட்டத்தை அடக்கும் ஜோடி) இருக்கிறதா, அந்த 10 ஓம் கருகியிருக்கிறதா என்று பாருங்கள். அடுத்து இன்புட் வயர் அவுட்புட் வயரோடு சேர்த்துக் கட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இது தீரும்வரை பயாஸ் பிரிசெட்டைத் தொடக்கூடாது, மீட்டர் காட்டும் எண்ணுக்கு மதிப்பே கிடையாது.

போலி டிரான்சிஸ்டரால் டிஸ்டார்ஷன் வருமா?

வரும், ஆனால் அதற்கு முன்பே பெரும்பாலும் எரிந்துபோகும். தோஷிபாவின் அசல் 2எஸ்சி5200-க்கு 230 வோல்ட், 15 ஆம்பியர், 150 வாட் என்று கணக்கு. போலியில் உள்ளே இருக்கும் சில்லு சின்னது. சுமை கூடியதும் கெய்ன் சரிந்து, உச்சியை நெருங்கும்போது அலை சப்பையாகும். எடையும் எழுத்தின் அழுத்தமும் சில சமயம் காட்டிக்கொடுக்கும். விலை காட்டிக்கொடுப்பதுதான் அதிகம். வாங்கும்போது ஆர், ஓ என்ற கெய்ன் வகை எழுத்தைப் பார்த்து, ஒரு சேனலுக்கு ஒரே எழுத்தாக வாங்குங்கள்.

கோயில் ஹாரன் ஸ்பீக்கர், 100 வோல்ட் லைன். ஆம்ப் சுத்தம், லைனில் போட்டதும் கிழிகிறது.

லைன் டிரான்ஸ்ஃபார்மர் சாச்சுரேட் ஆகிறது, அதாவது அதன் இரும்பு இதற்கு மேல் காந்தம் ஏற்காத நிலைக்கு வந்துவிடுகிறது. ஒரே வோல்டேஜில் 100 ஹெர்ட்ஸைவிட 50 ஹெர்ட்ஸுக்கு இரும்பில் இரண்டு மடங்கு காந்தம் ஏறும், சின்ன டிரான்ஸ்ஃபார்மர் தாங்காது. மிக்சரில் லோ கட் (கீழ் ஃப்ரீக்வென்சிகளை வெட்டும் ஃபில்டர்) போடுங்கள். ஹாரனால் அந்த பேஸைத் தரவும் முடியாது, அனுப்பி என்ன பயன்?

ஐசி ஆம்ப், கிளாஸ் டி போர்டு, வால்வு செட்: இவற்றில் என்ன சரிசெய்வது?

எல்ஏ4440, டிடிஏ2030 போன்ற ஐசிகளில் பயாஸ் உள்ளேயே இருக்கிறது. சப்ளையும் லெவலும் மட்டும் பாருங்கள். கிளாஸ் டி-யில் பயாஸ் என்ற பேச்சே இல்லை. அதை அளக்கும்போது மட்டும் 20 கிலோஹெர்ட்ஸ் லோபாஸ் ஃபில்டர் நடுவில் வேண்டும், இல்லாவிட்டால் சுவிட்சிங் குப்பைதான் மீட்டரில் தெரியும்.

வால்வு செட்டில் உள்ளே 300, 400 வோல்ட் டிசி ஓடுகிறது. பழகியவர் பக்கத்தில் இல்லாமல் திறக்காதீர்கள். பயாஸ் பார்க்கும்போது டிரான்சிஸ்டர் செட்டில் லோடைக் கழற்றச் சொன்னேன். இங்கே நேர்மாறு: லோடு இல்லாமல் சிக்னல் போனால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரின் இன்சுலேஷன் உடையும். டம்மி லோடை மாட்டிவிட்டுத்தான் சுவிட்சைத் தொட வேண்டும்.